மஞ்சள் வெளியே, கறுப்பு உள்ளே

ஜனவரி 6, திங்கள்

புத்தாண்டுக்குப் பல்பொருள் அங்காடியில் இலவசமாகக் கொடுத்த நாட்குறிப்பு ஐந்து நாளாகச் சும்மா கிடந்தது. இன்று எழுதுவதற்கு விஷயம் வந்துவிட்டது. எங்கள் கல்லூரியின் ஃபைபர் கேபிள் தேர்வுக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள்.

நான் வரலாற்றுத் துறைத் தலைவர். ஃபைபர் கேபிள் என்றால் கண்ணாடி நூலுக்குள் வெளிச்சம் ஓடும், அதில் இணையம் வரும் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். கல்லூரிச் செயலாளர் பால்வண்ணன் அண்ணாச்சி கூட்டத்திலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்காரங்களப் போட்டா கமிஷன் அடிச்சிட்டாங்கன்னு பேச்சு வரும். நம்ம குலசேகரனுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். எவனும் சந்தேகப்பட மாட்டான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பழைய கட்டடத்திலிருந்து மைதானத்தைத் தாண்டி நானூறு மீட்டர் தூரத்தில் புதிய கட்டடம் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் அங்கே இணையம் போயாக வேண்டும். மே மாதம் கல்லூரி முதல்வர் ஓய்வு பெறுகிறார், அடுத்தவர் யார் என்று வளாகம் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. பணிமூப்பில் நான் இரண்டாவது. முதலாவது வேதியியல் இராஜாமணி. அவருக்குச் சர்க்கரை முந்நூறுக்கு மேல் என்று கேள்வி.

ஜனவரி 9, வியாழன்

கணினி ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் பேச்சியம்மாளை வரச் சொல்லியிருந்தேன். நாற்பது வயதிருக்கும். பதினோரு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு மே 31-ஆம் தேதியும் வேலை முடிந்து, ஜூனில் புதுப்பிப்பார்கள். நிரந்தரம் ஆக்கும் கோப்பு அண்ணாச்சியின் மேசையில் இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு வந்து போனதும் கையெழுத்து என்று சொல்லியிருக்கிறார்கள். கணவன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து வீட்டில் கிடக்கிறானாம்.

கையில் இரண்டு துண்டுக் கேபிள் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஒன்று கறுப்பு, சுண்டுவிரல் தடிமன். இன்னொன்று மஞ்சள், மெலிசு.

"இந்தக் கறுப்பு வெளிய போடுறது சார். மேல்தோல் வெயிலுக்குத் தாங்கும். உள்ள இரும்புத் தகடு சுத்தியிருக்கு, எலி அணில் கடிக்க முடியாது. நடுவுல பசை மாதிரி ஜெல்லு இருக்கு, தண்ணி எறங்காது. இந்த மஞ்சள் உள்ள போடுறது. நல்லா வளையும், மூலை முடுக்குல திரும்பும். தீப்பிடிச்சாலும் புகை கம்மி."

"ரெண்டுலயும் வெளிச்சம்தானம்மா போகுது?"

"வெளிச்சம் ஒண்ணுதான் சார். போற எடம் வேறல்ல."

புரிந்தது என்று தலையாட்டினேன். இரண்டிலும் வேண்டிய அளவு வாங்கலாம் என்று தீர்மானம் எழுதினேன். 'தீர ஆராய்ந்து' என்ற சொல்லை மூன்று இடத்தில் சேர்த்தேன். கூட்டம் பன்னிரண்டு நிமிடம், வடை இரண்டு.

ஜனவரி 20, திங்கள்

கேபிள் வந்து இறங்கியது. பேச்சியம்மாள் உருளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து, கேபிள்மேல் அச்சடித்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் குனிந்து படிப்பதுபோல் நின்றேன். முதுகு பிடித்துக்கொண்டது.

வீட்டில் தமயந்தி தைலம் தேய்த்துவிட்டாள். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள். கல்லூரிக்கு என்னைவிட்டால் யார் என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

ஜனவரி 24, வெள்ளி

பெரிய நெருக்கடி. அதை நான் தீர்த்தேன்.

கேபிள் பதிக்கும் வேலைக்கு இன்று காலை பூஜை. அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். கறுப்பு உருளைக்குச் சந்தனம் வைக்கப் போன அய்யரை நிறுத்திவிட்டார்.

"என்னய்யா இது, கறுப்பு?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுவனர், அதாவது அண்ணாச்சியின் தாத்தா, ஒரு நாள் கறுப்புக் குடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்று மதியமே அவருடைய பஞ்சுக் கிடங்கு எரிந்துபோயிற்று. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நல்ல காரியம் எதற்கும் கறுப்பு ஆகாது. எங்கள் கல்லூரியில் பட்டமளிப்பு அங்கிகூட மாம்பழ நிறம். வகுப்பறைப் பலகை பச்சை. மழைக்காலத்தில் காவலாளி வாசலிலேயே குடைகளை வாங்கி வைத்துக்கொள்வார். அண்ணாச்சியின் தலைமுடிக்கு மட்டும் விலக்கு உண்டு. அது மாதம் இரண்டு முறை கறுப்பாகிறது.

"மைதானத்து நடுவுல கறுப்பு ஓடணுமா? மதிப்பீட்டுக் குழு வர்ற பாதையில?" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இராஜாமணி புன்னகை செய்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. "அண்ணாச்சி, நம்மகிட்ட மஞ்சளும் இருக்கு. மஞ்சள் மங்களம். அத வெளிய எல்லாரும் பாக்குற மாதிரி போட்டுருவோம். கறுப்ப யார் கண்ணுலயும் படாம கட்டடத்துக்குள்ள போட்டுருவோம். ரெண்டும் கேபிள்தான."

அண்ணாச்சி என் தோளில் தட்டினார். "இதுக்குத்தான்யா படிச்சவங்க வேணும்ங்கிறது. தோண்டிப் புதைக்கக் கூடாது. வேப்பமரத்துக்கு வேப்பமரம் தோரணம் மாதிரி கட்டுங்க."

பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

ஜனவரி 27, திங்கள்

பேச்சியம்மாள் ஒரு பக்கக் கடிதத்தோடு வந்தாள். அழகான கையெழுத்து. மஞ்சள் கேபிள் வெளியே தாங்காது, அணில் கடிக்கும், மழை இறங்கும், ஏப்ரலுக்குள் அறுந்துவிடும். கறுப்பு உள்ளே வளையாது, வெயில் காலத்தில் பசை உருகி வழியும், தீப்பிடித்தால் ஆபத்து. இப்படிப் போகிறது. கடைசியில் ஒரு வழியும் எழுதியிருக்கிறாள்: கறுப்புக் கேபிளை மஞ்சள் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

நல்ல யோசனைதான். ஆனால் மஞ்சள் வெளியே, கறுப்பு உள்ளே என்று குழுத் தீர்மானம் என் கையெழுத்தோடு நிறைவேறிவிட்டது. அண்ணாச்சி தோளில் தட்டியும் விட்டார்.

"இதக் கோப்புல சேத்துருங்க சார்."

"சேத்தா யாருக்கும்மா நல்லது? உன் நிரந்தரக் கோப்பு அண்ணாச்சிகிட்ட இருக்கு. இந்த நேரத்துல அவங்க குடும்ப வழக்கத்தக் குறை சொன்ன மாதிரி ஆயிரும். எங்கிட்ட இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"உங்கள நம்பித்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். அவளுடைய நன்மைக்காகத்தான்.

பிப்ரவரி 5, புதன்

மைதானம் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பதினேழு வேப்பமரங்களில் மஞ்சள் கேபிள் தொங்குகிறது. இரண்டு மாணவிகள் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இணைப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி தன் பேரனோடு வீடியோவில் பேசினார்.

உள்ளேதான் சின்னப் பிரச்சினை. கறுப்புக் கேபிள் மூலையில் திரும்ப மாட்டேன் என்கிறது. வளைத்தால் உள்ளே கண்ணாடி ஒடிந்துவிடுமாம். அதனால் நேராகவே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அது என் அறை வழியாகப் போகிறது.

பிப்ரவரி 19, புதன்

அணில். ஒரே ஒரு இடம்தான். பேச்சியம்மாள் சரிசெய்துவிட்டாள்.

மார்ச் 3, திங்கள்

மறுபடி அணில். நான்கு இடம். மாலை ஆறரைக்கு மேல் பேச்சியம்மாள் ஒரு சின்ன டார்ச்சைக் கேபிளின் முனையில் மாட்டி அடித்தாள். அடிபட்ட இடத்தில் எல்லாம் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. தூரத்திலிருந்து பார்க்க வேப்பமரத்தில் பழம் பழுத்த மாதிரி இருந்தது. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக ஒட்டவைத்தாள். ஏணியை ஒரு கையால் நான் பிடித்துக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

"சார், ஒரு ஒட்டுக்கு ஒரு ஒட்டு வெளிச்சம் கொறையுது. இனி அஞ்சாறு தாங்கும். அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே சொல்லத்தான் போனேன். அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருந்தார். "இராஜாமணிக்கு உடம்புக்கு முடியல, முதல்வர் பதவி வேண்டாம்னுட்டாரு" என்றார். அந்த நேரத்தில் அணிலைப் பற்றிப் பேசுவது நாகரிகமாக இருக்காது.

மார்ச் 18, செவ்வாய்

மேசைமேல் விரித்திருந்த விடைத்தாளில் எண்ணெய்ச் சொட்டு. பல்லி என்று நினைத்து அண்ணாந்தேன். என் அறையில் ஒட்டுப்போட்டிருந்த கறுப்புக் கேபிளின் முனை. வெயில் ஏற ஏற உள்ளிருக்கும் பசை இறங்குகிறது. பானிபட் போரைப் பற்றி ஒரு பையன் எழுதியிருந்த பதில் கண்ணாடி மாதிரி ஆகி, அடுத்த பக்கம் தெரிந்தது. அவனுக்கு இரண்டு மதிப்பெண் கூடவே போட்டேன். கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறேன். மாணவர்கள் கேட்டால் ஆராய்ச்சி என்று சொல்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

இதுவரை பதினோரு ஒட்டு. பேச்சியம்மாள் கணக்கு வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் எதுவும் கேட்பதில்லை. பார்க்கிறாள், அவ்வளவுதான். நான் நூலகம் வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். நடப்பது உடம்புக்கும் நல்லது.

ஏப்ரல் 3, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

விடியற்காலையிலிருந்தே விடாமல் கோடை மழை. பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு புதிய கட்டடத்தில் அமர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்களோடு நேரலைக் கலந்துரையாடல் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தோம். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அரை மணி நேரம் சுற்றியது. ஒருவர் முகம் பாதி வந்து நின்றுவிட்டது. அவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பேச்சியம்மாள் மழையிலேயே வெளியே ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்பதாவது மரத்தடியில் கேபிள் அறுந்து சேற்றில் கிடந்தது. அவள் முந்தானையால் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் குழுத் தலைவர் மைதானத்தில் நடந்தார். வயதானவர், பொறியியல் படித்தவர். தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் கேபிளைக் கையில் பிடித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அண்ணாச்சியைப் பார்த்துத் திரும்பினார்.

"வீட்டுக்குள்ள போடுறதுன்னு இதுலயே எழுதியிருக்கே. ஏன் மரத்துல கட்டியிருக்கீங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் முதல்வரைப் பார்த்தேன். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் ஐம்பத்தெட்டு நாள்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

தரம் ஒரு படி இறங்கும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணாச்சி விசாரணைக்கு உத்தரவிட்டார். ஒரு நபர் விசாரணை. அந்த நபர் நான்.

ஜனவரியில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காக என்னைப் போட்டார்கள். இப்போது எல்லாம் தெரிந்தவர் நான்தான் என்பதற்காகப் போட்டிருக்கிறார்கள். கல்லூரியில் இப்படி வளர்ச்சி கண்டவர் வேறு யாரும் இல்லை.

தனியாகக் கூப்பிட்டு அண்ணாச்சி சொன்னார்: "எங்க குடும்ப வழக்கத்தத் தப்புன்னு எழுதிராதீங்க. கமிட்டி தீர்மானத்தயும் தப்புன்னு எழுதிராதீங்க. அதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பாருங்க. நாளைக்கு முதல்வரா ஒக்காரப் போறவரு."

அப்படியானால் மிஞ்சுவது அணிலும் பேச்சியம்மாளும்தான். அணில்மேல் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை.

மாலை அறையில் இழுப்பறைகளைச் சுத்தம் செய்தேன். நிறையக் குப்பை.

ஏப்ரல் 9, புதன்

பேச்சியம்மாளை விசாரித்தேன். அலுவலகத் தட்டச்சர் ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்தார். முறைப்படி 'நீங்கள்' என்று பேசினேன்.

"கேபிளை மாற்றிப் போடுவது தவறு என்று நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?"

"சொன்னேன் சார்."

"யாரிடம்?"

"உங்ககிட்டதான் சார்."

தட்டச்சர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடிக்கச் சொன்னேன்.

"எழுத்துமூலமாகவா?"

"எழுதித்தான் குடுத்தேன். உங்க கையில."

"கோப்பில் அப்படி எதுவும் இல்லையே."

அவள் தட்டச்சர் பக்கம் திரும்பி, "கோப்புல இல்லன்னு அடிச்சுக்கோங்கண்ணே. அது நெசந்தான்" என்றாள். "இருந்துச்சான்னு சார்தான் சொல்லணும்."

நான் தண்ணீர் குடித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அதே அழகான கையெழுத்து. கோப்பில் இல்லை என்று நான் சொன்னது பொய்யில்லை என்பதை இங்கே தெளிவுபடுத்துகிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அறிக்கை கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு பக்கம், இணைப்பு ஐந்து, அணில் படம் இரண்டு. 'தொழில்நுட்ப உதவியாளர் தம் கருத்தைப் போதிய அழுத்தத்துடன் உரிய வழியில் தெரிவிக்கத் தவறினார்' என்பது முடிவு. 'போதிய அழுத்தத்துடன்' என்று போட்டதில் எனக்கு ஒரு நிம்மதி. அது மென்மையான சொல்.

பரிந்துரையும் எழுதினேன். கறுப்புக் கேபிளை மஞ்சள் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிடலாம். அண்ணாச்சி படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். "இவ்வளவு மூளைய எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

தமயந்தியிடம் சொன்னேன். "யாரோட யோசனைங்க?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்தேன். பிறகு பசித்தது.

மே 2, வெள்ளி

குழாய் புதைத்தாகிவிட்டது. இணையம் பறக்கிறது. வேலை முழுவதும் பேச்சியம்மாள் கூடவே நின்றாள். வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இங்கே வளைக்காதே, அங்கே இழுக்காதே என்று ஆட்களை விரட்டினாள். விசாரணை முடிவு அவளுக்குத் தெரியும். ஏன் இப்படி உழைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை புதுப்பித்துவிடுவார்கள் என்று நினைக்கிறாளோ என்னவோ.

என் நியமன உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முதல் முதல்வர்.

மே 30, வெள்ளி

முதல்வருக்கு வழியனுப்பு விழா. மாம்பழ நிறச் சால்வை. என்னைப் பற்றி 'நெருக்கடியில் நிதானம் இழக்காதவர்' என்று பேசினார்கள். பேச்சியம்மாள் ஒலிபெருக்கிப் பக்கத்தில் நின்று மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஜூன் 2, திங்கள்

முதல்வர் நாற்காலியில் முதல் நாள். முதல் கோப்பு பேச்சியம்மாளுடையது. நிரந்தரம் இல்லை. புதுப்பிக்கவும் இல்லை. அண்ணாச்சி கையெழுத்துப் போடுவார் என்று நினைத்திருந்தேன். 'முதல்வர் உத்தரவிடலாம்' என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். பச்சை மைப் பேனாவை இன்றுதான் திறந்தேன்.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டு நானே கையில் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

"மேலிடத்து முடிவும்மா."

"கையெழுத்து உங்களுதுல்ல சார் இருக்கு."

ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றார். மதுரையில் ஒரு கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். உடனே தட்டச்சரை அழைத்தேன். பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்தார், நடத்தை திருப்தி என்று வழக்கமான படிவம் வந்தது. பேச்சியம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை.

"வெளிய எந்தக் கேபிள் போடணும், உள்ள எந்தக் கேபிள் போடணும்னு தெரிஞ்சவங்கன்னு ஒரு வரி போடுங்க சார். அந்த ஒரு வரிதான் எனக்கு வேணும். அது இருந்தா வேலை குடுத்துருவாங்க."

"அறிக்கைல வேற மாதிரி இருக்கேம்மா. நானே ரெண்டு விதமா எழுதுனா நல்லாருக்காது."

"யாருக்கு சார் நல்லாருக்காது?"

அவர் படிவத்தை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அதுவல்ல.

"புதுக் கட்டடத்துல ரெண்டாவது மாடிக் கேபிள் பெட்டிக்குச் சாவி ஆபீஸ்ல குடுத்திருக்கேன். மழை வந்தா ஒரு தடவ தொறந்து பாக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் இந்தச் சொல்லை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நாட்குறிப்பைத் திறந்து, அவர் கேட்ட வரியை இங்கே எழுதுகிறேன். வெளியே எந்தக் கேபிள் போட வேண்டும், உள்ளே எந்தக் கேபிள் போட வேண்டும் என்று பேச்சியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். ஜனவரி 27-ஆம் தேதியே அதை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை நான் நான்காகக் கிழித்தேன்.

கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, தேதியும், கையோடு கொண்டுவந்த முதல்வர் முத்திரையும் வைக்கிறேன். பிறகு நாட்குறிப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன்.